அஞ்சு பர்னர் வாங்கி மூணுல வந்து நின்ன வீடு: ஒரு அடுப்புத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நண்பர் ஒருத்தர் வீட்ல நடந்தது இது. அடையாளம் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால ஆளுங்களைப் பத்தி தேவையானதை மட்டும் சொல்றேன். வீட்ல நாலு பேர். கணவன், மனைவி, ஸ்கூல் படிக்கிற பையன், கணவரோட அம்மா. அம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு, காது கொஞ்சம் மந்தம், மோப்பமும் முன்ன மாதிரி இல்ல. காலைல சமையல் மருமக, மதியம் அம்மா, ராத்திரி யாருக்கு முடியுதோ அவங்க. கேஸ் சிலிண்டர்தான், அதாவது எல்பிஜி, பைப் கேஸ் கிடையாது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி முக்கியமா வரும்.

இருந்தது பழைய ரெண்டு பர்னர் ஸ்டவ். மேடை மேல வைக்கிற வகை, பல வருஷம் ஓடினது. சமையலறைய புதுப்பிக்கும்போது மேடைக் கல்லை வெட்டி உள்ள பதிக்கிற ஹாப் போடலாம்னு முடிவு பண்ணாங்க. நான் இதுக்குள்ள வந்தது ஹாப் வாங்கி ரெண்டு வாரம் கழிச்சு. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் அவங்க சொல்லிக் கேட்டது, அதுக்கப்புறம் நடந்தது நான் கூட இருந்து பார்த்தது.

முதல் தேர்வு எப்படி நடந்துச்சு

முதல்ல கீழ ஓவன் சேர்ந்த குக்கிங் ரேஞ்ச் யோசிச்சிருக்காங்க. வருஷத்துல எத்தனை தடவை ஓவன் யூஸ் பண்ணுவோம்னு மருமக கேட்ட கேள்விக்கு யார்கிட்டயும் பதில் இல்ல, அதோட அது முடிஞ்சுது. சரியான முடிவுதான், அடுப்பும் ஓவனும் ஒரே உடம்புல இருந்தா ஒண்ணுல ரிப்பேர் வந்தாலும் மொத்தத்தையும் இழுத்து வெளிய வைக்கணும்.

அப்புறம் ஹாப். கணவர் பார்த்தது ரெண்டே ரெண்டு விஷயம், எத்தனை பர்னர், மொத்தம் எத்தனை கிலோவாட், அதாவது தீயோட பலம். 75 செ.மீ அகலம், கண்ணாடி மேல்தளம், அஞ்சு பர்னர், நடுவுல மூணு வளையம் வச்ச பெரிய பர்னர் ஒண்ணு. அந்தப் பெருசு 3.8 கிலோவாட், அப்புறம் ஒரு 3, ரெண்டு 1.75, ஒரு 1, எல்லாம் கூட்டினா 11.3. பெட்டி மேல அந்தப் பெரிய நம்பரைப் பார்த்ததும் மனுஷன் கவுந்துட்டாரு. மருமக நாப் எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்தாங்களாம், வலது ஓரத்துல இருந்துச்சு, ஏதோ உறுத்தியிருக்கு ஆனா சொல்லல. அம்மாவ யாரும் கேக்கல. மதியச் சமையல் முழுக்க அவங்கதான் பண்றாங்க, அவங்களை யாரும் கேக்கல.

முதல் ரெண்டு வாரம்

பொருத்த வந்தவர் அரை மணி நேரத்துல பொருத்திட்டுப் போயிட்டாரு. பத்த வச்ச முதல் நாள்லயே தீ மஞ்சளா, உயரமா, நாக்கு நீட்டிக்கிட்டு எரிஞ்சிருக்கு. போன் பண்ணிக் கேட்டதுக்கு புது பர்னர்ல ஒட்டியிருக்கிற எண்ணெய் எரியுது, ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்லியிருக்காரு. ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆச்சு. பாத்திரத்தோட அடி எல்லாம் கரி, தேய்ச்சுத் தேய்ச்சு மருமகளுக்குக் கை போச்சு. பால் எந்த பர்னர்ல வச்சாலும் கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள பொங்குது. சிலிண்டரும் வழக்கத்த விட சீக்கிரம் காலியாகிற மாதிரி இருக்குன்னு கணவர் சொன்னாரு. அம்மா சொன்னது வேற. "தம்பி, இதுல சிம்முன்னு ஒண்ணு இல்லவே இல்லப்பா, ஒண்ணு எரியுது இல்ல அணையுது."

எனக்கு அந்த மஞ்சள் தீயப் பார்த்ததும் முதல்ல கவலை வந்தது கரி பத்தி இல்ல. கேஸ் சரியா எரியும்போது தீ நீலமா, உள்ள ஒரு கூர்மையான கூம்போட இருக்கும். நடுவுல எப்பவாவது ஆரஞ்சு பொறி தெரிஞ்சா அது தூசியோ உப்போ, பயப்பட வேண்டாம். ஆனா தீ முழுக்க மஞ்சளா இருந்து கரியும் படிஞ்சா காத்து போதாம அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம், அப்ப கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. மழைன்னு ஜன்னல வேற சாத்தி வச்சிருந்தாங்க. அம்மாவுக்குக் கொஞ்ச நாளா மதியம் தலை வலிக்குதுன்னு பேச்சோட பேச்சா வந்துச்சு. அது இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது, அவங்களுக்கு முன்னாடியும் தலைவலி உண்டு. ஆனா காரணம் தெரியற வரைக்கும் அந்த ஹாப்பத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். பரண்ல கிடந்த பழைய ஸ்டவ்வ இறக்கி, புது டியூப் போட்டு, இணைப்புல சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பார்த்துட்டு அதுலயே சமைச்சாங்க.

காரணம் கிடைச்சது

காரணத்தக் கண்டுபிடிச்சது நான் இல்ல, ரெண்டாவதா கூப்பிட்ட டெக்னீஷியன். வந்தவுடனே பர்னர் தொப்பியக் கழட்டி, உள்ள டார்ச் அடிச்சு, ஜெட்டுல, அதாவது கேஸ் பர்னருக்குள்ள வர்ற சின்னத் துளை இருக்கிற துண்டுல, இருக்கிற நம்பரப் படிச்சாரு. 3 கிலோவாட் பர்னர்ல இருந்தது 115. அந்த நம்பர் துளையோட விட்டம், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்கு, அப்ப 1.15 மி.மீ. "இது பைப் கேஸ் ஜெட்டு சார், சிலிண்டருக்கு இது வராது"ன்னாரு. பெட்டி எங்கன்னு கேட்டு தெர்மோகோலுக்கு அடில தேடினா மேனுவலோட ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள அஞ்சு ஜெட்டு, அதுல ஒண்ணு 85. ஹாப்போட அடில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்லயும் எந்த கேஸுக்கு செட் பண்ணி அனுப்பியிருக்குன்னு தெளிவா எழுதியிருக்கு. கல்லுக்குள்ள பதிச்சதுக்கப்புறம் அடிய யாரு பார்ப்பா.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, ஒரே அளவு வாயுவுல எல்பிஜிக்கு இயற்கை எரிவாயுவ விட சுமார் ரெண்டரை மடங்கு சூடு இருக்கு, அதோட வர்ற அழுத்தமும் கூட, பைப் கேஸ் பொதுவா 20 மில்லிபார்ல வந்தா இது 30 பக்கம் வரும். அதனால எல்பிஜிக்கு துளை சின்னதா இருக்கணும். 115ஐயும் 85ஐயும் பரப்பளவா பார்த்தா 1.8 மடங்கு, அப்ப 3 கிலோவாட்டுக்குன்னு செஞ்ச பர்னருக்குள்ள கிட்டத்தட்ட 1.8 பங்கு கேஸ் போய்க்கிட்டு இருந்திருக்கு, அத்தனைக்கும் வேண்டிய காத்து அந்த பர்னரால இழுக்க முடியல. மஞ்சள் தீ, கரி, சீக்கிரம் காலியான சிலிண்டர், மூணுக்கும் காரணம் இந்த ஒண்ணுதான். தலைகீழா நடந்திருந்தா, அதாவது எல்பிஜி ஜெட்ட வச்சுக்கிட்டு பைப் கேஸ் குடுத்திருந்தா, தீ பூனைக்குட்டி மாதிரி சின்னதா, பலமில்லாம எரிஞ்சிருக்கும், ஏமாத்திட்டாங்கன்னு திட்டியிருப்பாங்க.

அஞ்சு ஜெட்டும் மாத்தினாரு. தீ நீலமாச்சு. ஆனா சிம் அப்படியேதான் இருந்துச்சு. அவர் கிளம்பப் போனப்ப அம்மாதான் விடல, "சிம்ல வச்சுக் காட்டு"ன்னு நின்னுட்டாங்க. அப்பதான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு, நாப்ப உருவி எடுத்தா உள்ள வால்வுல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கு, சிம் அளவுக்கான கேஸ் போற வழி அதுதான், எல்பிஜிக்கு மாத்தினா அதையும் உள்ள முறுக்கணும். முறுக்கினதும் நாலு பர்னர்ல சிம் அடங்குச்சு. ஜெட்ட மட்டும் மாத்திட்டு இந்த ஸ்க்ரூவ மறந்துட்டுப் போறது நிறைய நடக்கும்போல, அவரே சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு. அம்மா மட்டும் நிக்கலைன்னா இந்தக் கதைல இன்னும் ஒரு மாசம் கூடியிருக்கும்.

நடு பர்னர் மட்டும் அடங்கல. மேனுவலோட கடைசிப் பக்கத்துல ஒரு அட்டவணை, ஒவ்வொரு பர்னருக்கும் அதிகபட்சம், குறைஞ்சபட்சம் ரெண்டும் போட்டிருக்கு. பெரிய பர்னரோட குறைஞ்சபட்சம் 1.5 கிலோவாட். பக்கத்துல இருக்கிற நடுத்தர பர்னரோட அதிகபட்சமே 1.75தான். அதாவது பெருசோட சிம்மும் பக்கத்து பர்னரோட முழுத் தீயும் கிட்டத்தட்ட ஒண்ணு. அதுல பழுது ஒண்ணுமில்ல, அதோட சுபாவமே அப்படித்தான். அந்த நடுத்தர பர்னர் 0.45க்கு இறங்கும், சின்னது 0.33க்கு. பெட்டி மேல கொட்டை எழுத்துல 3.8னு போட்டவங்க இந்த நம்பர கடைசிப் பக்கத்துல எறும்பு சைஸ்ல போட்டிருக்காங்க.

அளந்து பார்த்தது

பழுது சரியாயிடுச்சு, இத்தோட விட்டுடலாம்னு கணவர் சொன்னாரு. மருமக விடல, "எனக்கு இன்னும் வசதியா இல்ல, ஏன்னு சொல்லத் தெரியல"ன்னாங்க. சொல்லத் தெரியாததைச் சும்மா பேசிப் பிரயோஜனம் இல்லன்னு மூணு வேலை செஞ்சோம்.

ஒண்ணு, வீட்ல தினம் புழங்குற பாத்திரங்களோட அகலத்த பழைய பேப்பர்ல வட்டமா வெட்டி அஞ்சு பர்னர் மேலயும் வச்சுப் பார்த்தோம். 18, 22, 24, 26, 30 செ.மீ, இதுதான் அவங்க பாத்திரங்க. நடுவுல 30 வட்டத்த வச்சா நாலு மூலையும் அடிபடுது. நடுவ விட்டுட்டு மூலைங்கள்ல வச்சாக்கூட 26ம் 24ம் முன்னபின்ன வச்சா இடிக்குது. எப்படி மாத்தி வச்சாலும் ஒரே நேரத்துல நிம்மதியா உக்கார்றது மூணுதான். வலது ஓரத்துல 26 வச்சா அது நாப்புக்கு மேலயே நீட்டிக்கிட்டு நிக்குது, அந்த நாப் தொட முடியாத சூடு, மருமகளுக்கு உறுத்துனது இதுதான்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

ரெண்டு, ஒரு வாரம் சுவர்ல பேப்பர் ஒட்டி, ஒரே நேரத்துல எத்தனை பர்னர் எரியுதுன்னு கோடு போடச் சொன்னேன். பையன் ஆர்வமா பார்த்துக்கிட்டான். ரெண்டுதான் அதிகம், மூணு தினம் ஒரு தடவையாவது வந்துச்சு, நாலு அந்த வாரத்துல ஒரே ஒரு தடவை, அஞ்சு வரவே இல்ல.

மூணாவது எனக்குப் பிடிச்சது. ஒரு லிட்டர் தண்ணி, 18 செ.மீ பாத்திரம், மூடி போட்டு, கொதிக்க எவ்வளவு நேரம்னு பார்த்தோம். நடுத்தர பர்னர்ல 6 நிமிஷம். பெரிய பர்னர்ல முழுத் தீயில நாலரை நிமிஷம். ஒன்றரை நிமிஷம் மிச்சம்னு கணவர் சந்தோஷப்பட்டாரு. கணக்கு போட்டுக் காட்டினேன். 1.75ல 6 நிமிஷம்னா 0.175 யூனிட், 3.8ல நாலரை நிமிஷம்னா 0.285 யூனிட், அதாவது அறுபது சதவீதத்துக்கும் மேல கூடுதல் கேஸ். தீ பாத்திரத்துக்கு வெளிய ஓடி சமையலறைய சூடாக்கிக்கிட்டு இருந்துச்சு, கைப்பிடியும் கருகுது. 30 செ.மீ பாத்திரம்னா பெரிய பர்னர் நியாயம்தான், அது இந்த வீட்ல மாசத்துக்கு ரெண்டு தடவை ஏறும்.

திருப்பம்

இவ்வளவு தெரிஞ்சும் உடனே மாத்தல. காசு போட்டாச்சு, பொருத்தினத திரும்ப எடுக்க மாட்டோம்னு வாங்கின இடத்துல சொல்லிட்டாங்க, பழகிக்கலாம்னு இருந்தாங்க. முடிவ மாத்தினது ஒரு மதியம்.

அம்மா பாலை வச்சுட்டு உள்ள போயிருக்காங்க. பால் பொங்கி தீ அணைஞ்சிடுச்சு. நாப் திறந்தபடி. சத்தமும் அவங்களுக்குக் கேக்கல, வாசனையும் தெரியல. ஸ்கூல் விட்டு வந்த பையன் வாசல்லயே நாத்தத்தப் பிடிச்சுட்டான். நல்ல வேளை அவனுக்குத் தெரிஞ்சிருந்தது, லைட் ஸ்விட்சத் தொடல, எக்ஸாஸ்ட் ஃபேனும் போடல, நாப்ப மூடி, சிலிண்டர் ரெகுலேட்டர மூடி, கதவு ஜன்னலத் திறந்து பாட்டியக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டான். எல்பிஜி காத்த விட கனம், ஒன்றரைல இருந்து ரெண்டு மடங்கு, அதனால மேல போகாது, தரையோட தேங்கும், மேடைக்குக் கீழ இருக்கிற கப்போர்டுக்குள்ளயும் போய் உக்காரும். நான் போனப்ப முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, கீழ் கப்போர்டத் திறந்தா இன்னும் வாடை இருந்துச்சு.

அந்த ஹாப்ல தீ அணைஞ்சா கேஸ தானா நிறுத்துற வசதி இல்ல. வாங்கும்போது அது இருக்கா இல்லையான்னு யாரும் கேக்கவே இல்ல.

மாத்தின முடிவு, அதுக்கான காரணம்

இண்டக்‌ஷனுக்கே முழுசா மாறலாமான்னு முதல்ல பேசினோம். அம்மாவ நினைச்சா அதுதான் பாதுகாப்பு, வேகமும் குறைவில்ல, புகை கிடையாது. ஆனா அவங்க பாத்திரத்துல பாதிக்கு மேல அலுமினியம், ஃபிரிட்ஜ் காந்தத்த அடில ஒட்டிப் பார்த்தா நிக்கல, அதுங்க வேலைக்கு ஆகாது. கரண்ட் போனா சமையலும் நின்னுடும். அம்மாவும் தீயக் கண்ணால பார்த்தாத்தான் எனக்குக் கை ஓடும்னாங்க. அதனால கேஸ் ஹாப்பே, கூட தண்ணி காய்ச்ச ஒத்த இண்டக்‌ஷன் அடுப்பு ஒண்ணு.

இந்த தடவை கேட்ட கேள்விங்க வேற வரிசைல வந்துச்சு. தீ அணைஞ்சா தானா கேஸ் நிக்குமா, எல்லா பர்னர்லயுமா இல்ல ஒண்ணு ரெண்டுலயா. ஒவ்வொரு பர்னரோட குறைஞ்சபட்சம் எவ்வளவு, மேனுவலக் காட்டுங்க. எல்பிஜி ஜெட்டோட வருதா, வரலைன்னா மாத்தி ஸ்க்ரூவும் முறுக்கித் தருவீங்களா. நாப் எங்க இருக்கு. எத்தனை கிலோவாட்ங்கிறத கடைசியாத்தான் கேட்டோம், பர்னர் எண்ணிக்கை கேக்கவே வேண்டியிருக்கல, பேப்பர் வட்டத்தக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருந்தோம். கடையில மக்கள் எங்களைப் பார்த்த பார்வை வேற கதை.

எடுத்தது மூணு பர்னர், அதே 75 செ.மீ அகலம், 3ம் 1.75ம் 1ம். வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, நாப் முன்பக்கம் நடுவுல, மூணுலயும் தெர்மோகப்பிள், அதாவது தீ அணைஞ்சா கேஸ தானா நிறுத்த வைக்கிற கம்பி. கல்லைத் திரும்ப வெட்டணுமேன்னு பயந்தாங்க, ஆனா பழைய ஹாப்புக்கு வெட்டின ஓட்டை 56க்கு 48 செ.மீ, 60 அகல ஹாப்புக்கும் பல 75க்கும் அதே ஓட்டைதான் வரும், புதுசும் அதுக்குள்ளயே உக்காந்துடுச்சு. இது அதிர்ஷ்டம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கல் வெட்டுறவங்க வர்றதுக்கு முன்னாடி ஹாப் கையில இருக்கணும்.

பொருத்தின நாள் அம்மாவும் மருமகளும் பக்கத்துல நின்னாங்க. ஜெட் நம்பரப் படிக்கச் சொன்னோம். ஒவ்வொண்ணையும் சிம்ல வச்சு, கீழ இருக்கிற கப்போர்டு கதவ டப்புன்னு சாத்திப் பார்த்தோம், அந்தக் காத்துக்கு அணையக்கூடாது. அடுப்புக்கு மேல புகை இழுக்கிற சிம்னி அதுவரைக்கும் கொஞ்சம் தாழ்வா இருந்தத ஸ்டாண்டுல இருந்து 70 செ.மீ வர்ற மாதிரி ஏத்தினாங்க. எல்பிஜி அலாரம் தரைகிட்ட ஒண்ணு. கார்பன் மோனாக்சைடுக்கு தனி அலாரம், ரெண்டும் ஒண்ணு இல்ல, ஒண்ண வாங்கிட்டு இன்னொண்ணும் ஆச்சுன்னு நினைச்சிடக்கூடாது.

அதுக்கப்புறம்

முதல் ஒரு வாரம் அம்மா திட்டிக்கிட்டே இருந்தாங்க. தெர்மோகப்பிள் சூடானாத்தான் அதுல வர்ற சின்ன மின்சாரம் வால்வத் திறந்து பிடிக்கும், அதுவரைக்கும் நாப்ப அமுக்கிப் பிடிச்சிருக்கணும், மூணு நாலு செகண்டு. அவசரத்துல கைய எடுத்தா அணைஞ்சிடும். "ஒரு அடுப்புக்கு இத்தனை உபசாரமா"ன்னாங்க. அப்புறம் பழகிடுச்சு.

ரெண்டாவது மாசம் பால் திரும்பப் பொங்குச்சு, அம்மா இல்ல இந்த தடவை, கணவர். தீ அணைஞ்சு கொஞ்ச நேரத்துல டிக்னு ஒரு சத்தம், வால்வு மூடிடுச்சு. சுமார் அரை நிமிஷம் ஆச்சு, உடனே மூடாது, கம்பி ஆறணும். நாலாவது மாசம் சின்ன பர்னர் கைய எடுத்தா அணைய ஆரம்பிச்சுது, பார்த்தா தெர்மோகப்பிள் நுனில பொங்கின பால் காஞ்சு ஒட்டியிருந்தது, ஈரத்துணியால தொடைச்சதும் சரியாச்சு. அது தெரியாம சர்வீஸ் கூப்பிட இருந்தாங்க.

பாத்திரத்துல கரி இல்ல. மூணு பர்னர் போதலன்னு யாரும் சொல்லல, ஆளுங்க நிறைய வந்த ஒரு நாள் இண்டக்‌ஷனோட நாலாச்சு. அம்மாவோட தலைவலி குறைஞ்சிருக்குன்னு மருமக சொல்றாங்க, அம்மா அப்படியெல்லாம் இல்லங்கிறாங்க.

திரும்பச் செஞ்சா எதை மாத்துவோம்

கணவர்கிட்ட கேட்டேன், பேப்பர் வட்டத்த முதல்லயே வெட்டியிருப்பேன்னாரு. மருமக, அத்தைய முதல்லயே கடைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்னாங்க. என் பங்குக்கு, அந்த மதியத்துக்கு முன்னாடியே தானா நிக்கிற வசதி இருக்கான்னு நான் கேட்டிருக்கணும். ஜெட்டு, ஸ்க்ரூ, தண்ணிக் கணக்குன்னு இவ்வளவு நோண்டினேன், மோப்பம் குறைஞ்ச ஒருத்தங்க தினம் தனியா சமைக்கிற வீடுன்னு தெரிஞ்சும் அத நான் கவனிக்கல.

புது ஹாப்லயும் ஒரு குறை இருக்கு. சின்ன பர்னர் மேல ஸ்டாண்டோட கம்பிங்க அகலமா இருக்கு, 10 செ.மீ பாத்திரம் வச்சா ஒரு பக்கமா சாயுது. 18ல இருந்து 30 வரைக்கும் வெட்டினோம், அந்தக் குட்டிப் பாத்திரத்துக்கு வட்டம் வெட்ட யாருக்கும் தோணல. அதுக்குன்னு மேல வைக்கிற சின்ன வளையம் ஒண்ணு தனியா வரும், இப்ப அதத் தேடிக்கிட்டு இருக்காங்க.